கல்மேட்டருகே முயல் சுடும் முறை

பாஸ்டியை முள்கரண்டியால் குத்தாதீர்கள், மிஸ் வோஸ். கையில் எடுத்து ஒரு முனையிலிருந்து கடித்துக்கொண்டே வாருங்கள். குத்தினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும், பிறகு மாவுக்குள் வைத்த உருளைக்கிழங்கும் கறியும் தனித்தனியாகக் கிடக்கும். அடிலெய்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குத்துவார்கள், அப்புறம் மடியைத் துடைப்பார்கள். உங்களுக்கு முன்னால் வந்த ஆய்வுக்கூடத்து மனிதரும் அப்படித்தான் செய்தார். நல்லவர். ஷூ மட்டும் மிகவும் சுத்தமாக இருந்தது. அதோடு கல்மேட்டில் ஏறப் பார்த்து மூன்றாவது கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பதிவுக் கருவி ஓடுகிறதல்லவா? சரி, முறைப்படி சொல்கிறேன். என் பெயர் எனிட் பாஸ்கோ. எழுபத்துமூன்று வயது. வீரிங்கா முயல் ஒழிப்புக் குழுவுக்கு முப்பத்தொரு வருடமாக நான்தான் செயலாளர். போன பிப்ரவரி மாதம் நெவில் பெங்கெலியின் பார்லி வயலில் லிண்டன் ட்ரெசைஸ் இறந்துபோனார். நெவில் முயலைச் சுட்ட குண்டு கல்லில் பட்டுத் திரும்பி அவர் மேல் பாய்ந்தது. அதைப் பற்றிய விசாரணை வருகிற வியாழக்கிழமை. சனிக்கிழமை எங்கள் குழுக் கூட்டம். இனிமேலும் நான்தான் தோட்டா எடுத்துக் கொடுப்பதா என்று அன்றைக்கு முடிவு செய்யப்போகிறார்கள்.

உங்களை நான் கூப்பிட்ட காரணம் சின்னது. உங்கள் போலீஸ் ஆய்வுக்கூடத்து அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். ஆனால் அது ஏன் தவறு என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். டீ ஆறிவிட்டால் சொல்லுங்கள், வேறு போடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மண் என்பது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சந்துதான். முதலில் வந்தவர்கள் உழுதபோது கிளம்பிய சுண்ணாம்புக் கற்களை எடுத்துப் போக முடியாமல் வயலின் நடுவிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். மிச்சத்தை வேலியாக அடுக்கினார்கள். அதனால் ஒவ்வொரு வயலிலும் வீட்டளவு ஒரு கல்மேடு. முயலுக்கு அதைவிட நல்ல வீடு யாராலும் கட்டித்தர முடியாது. மேட்டைச் சுற்றி முப்பது அடிக்கு ஒரு பயிர் மிஞ்சாது. ஆகவே அறுவடை முடிந்த பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒவ்வொரு வயலாகப் போய்ச் சுடுவோம்.

எந்தத் துப்பாக்கி நல்லது என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எதைச் சுடப்போகிறாய் என்பது முதல் கேள்வி. குண்டு தவறினால் எதில் போய்ப் படும் என்பது இரண்டாவது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது கேள்விதான். ஆண்களுக்கு முதல் கேள்விதான் பிடிக்கும்.

தானியக் கிடங்கில் புறாவா, விசை குறைந்த காற்றுத் துப்பாக்கியும் மெத்தென்ற ஈயக் குண்டும் போதும். ஈயம் தகரத்தில் பட்டால் நசுங்கி விழுந்துவிடும். எஃகு உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அது சுட்டவனுடைய பல்லைத் தேடிக்கொண்டு வரும். நரி என்றால் பெரிய ரைஃபிள்; ஆனால் நரிக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தால்தான். வானம் இருந்தால் அந்த நரி இன்னொரு நாள் வாழட்டும். தண்ணீர்த் தேக்கத்தின் பக்கம் எதையும் சுடக் கூடாது. குண்டுக்குத் தண்ணீரும் கல்லும் ஒன்றுதான்.

முயலுக்குப் பாயின்ட் டூ டூ ரைஃபிள். அதில் இரண்டு ஜாதித் தோட்டா. ஒன்றுக்கு மூக்கில் குழி இருக்கும். லேசானது, வேகமானது. கல்லில் பட்டால் குழி வழியாகப் பிளந்து பொடிப்பொடியாகிவிடும். இன்னொன்று கெட்டிமூக்கு. காகித இலக்கில் சுடுவதற்கு அருமையான தோட்டா, கோடு போட்ட மாதிரி போகும். கல்லில் பட்டால் உடையாது. வழியை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

தோட்டா சரியாக இருந்தால் மட்டும் போதாது. சுடுகிறவன் பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்று கீழ்நோக்கிச் சுட வேண்டும், அப்போதுதான் குண்டு மண்ணுக்குள் போகும். தரையோடு தரையாகப் படுத்துச் சுட்டால், குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்த மாதிரி எகிறிக்கொண்டு போகும். கடைசியாக, பக்கவாட்டில் யாரும் இருக்கக் கூடாது. முன்னால் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்லில் பட்ட குண்டு பெரும்பாலும் பக்கத்தில்தான் விலகும் என்பது எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றுதானே கேட்க வருகிறீர்கள். என் கணவர் மெர்வின் ஒருநாள் கெட்டிமூக்கை வைத்துக்கொண்டு வேலியோரத்தில் ஒரு முயலைச் சுட்டார். நான் பக்கத்தில் மடியில் பிளாஸ்கை வைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மூடி என் கையில் இருந்தது. பிளாஸ்க் இல்லை. தொடையெல்லாம் கொதிக்கிற டீ. மெர்வின் ஓடி வந்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, "முயலு போச்சு, டீயும் போச்சு" என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே குழுவைக் கூட்டி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன்.

ஏற்பாடு இதுதான். சுட வருகிறவர்கள் சொந்தத் தோட்டா கொண்டுவரக் கூடாது. துப்பாக்கியின் தோட்டாக் கூட்டைக் கழற்றிக் காலியாக என்னிடம் கொடுப்பார்கள். ரைஃபிளையும் திறந்து காட்டுவார்கள். உள்ளே ஒன்றும் கிடக்கவில்லை என்று நான் விரலை விட்டுப் பார்ப்பேன். பிறகு கூட்டில் ஐந்து குழிமூக்குகளை அடைத்துத் திருப்பிக் கொடுப்பேன். யார் எங்கே நிற்பது, சும்மா வந்தவர்கள் எங்கே உட்காருவது எல்லாம் நான் சொல்கிறபடிதான். முடிந்ததும் மிச்சத்தோடு கூடு என் கைக்கு வந்துவிடும். வாங்கிய கூட்டை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. பார்ப்பது, ஒருத்தி கொடுத்த கேக்கை எல்லோருக்கும் முன்னால் முகர்ந்து பார்க்கிற மாதிரி.

முப்பத்தொரு வருடம். ஒரு குண்டு திரும்பியதில்லை, மிஸ் வோஸ். ஒரு சத்தம்கூட இல்லை. யோசித்துப் பார்த்தால் என்னுடைய கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. எதுவுமே நடக்காத இடத்தில் காவல் நிற்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

லிண்டனுக்கு வந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அவரைப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும். ஐம்பத்தெட்டு வயதுக்குப் பள்ளிக்கூடப் பையனைப் போல இருப்பார். வரிசையில் கடைசியாக வந்து, காலிக் கூட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பார்.

"கம்பவுண்டரம்மா, பாட்டில் கொண்டாந்திருக்கேன். மூணு வேளைக்கு ஊத்துங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். "சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று அடுத்து நெவில் கேட்பார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் முடிப்பார். பத்து வருடமாக அதே வேடிக்கை. ஒரு வேடிக்கையைப் பத்து வருடம் கேட்டால் அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

போன டிசம்பர் கூட்டத்தில் லிண்டன் ஒரு பெட்டி தோட்டாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கெட்டிமூக்கு. ஐம்பது. இனிமேல் அவரவர் தோட்டாவை அவரவர் கொண்டுவரலாம், அவரவர் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கலாம் என்று ஒரு தீர்மானமும் கொண்டுவந்தார்.

"இந்த முப்பத்தொரு வருசத்துல குண்டு திரும்புற சத்தத்த யாராச்சும் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. எனிட் ஒரு தடவ கேட்டிருக்கா, அதுவும் பிளாஸ்க் வெடிச்ச சத்தம்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் எழுந்து, கேட்காததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வானம் இடிந்து விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மரியாதையாகத் தலையாட்டுவீர்கள். அவர்களும் ஆட்டினார்கள். வாக்கெடுப்பைப் பிப்ரவரி சுடுதல் முடிந்து மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எத்தனை கை தூக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். என் பக்கம் இரண்டு. ஒன்று என்னுடையது.

லிண்டனின் பெட்டியை விதிப்படி நான் வாங்கி அலமாரியில் பூட்டினேன். "ரசீது உண்டா கம்பவுண்டரம்மா?" என்று கேட்டார்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவள் இல்லை. இரண்டு மாதம் யோசித்தேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பேசலாமா என்று பார்த்தேன், பேசியும் பார்த்தேன். காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். "நீ இல்லாம நாங்க ஏது எனிட்" என்றார்கள். ஒரு விதியைக் காப்பாற்ற எத்தனை வழி உண்டோ அத்தனையையும் பார்த்த பிறகு, ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. அவர்கள் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை. கேட்டவர்கள் பிறகு வாழ்நாள் முழுவதும் சிரிக்கமாட்டார்கள். நான் சிரிக்கவில்லையே.

அந்தச் சனிக்கிழமை சுடுவதற்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்து, முயல்கள் வெளியே வருகிற நேரம். எட்டுக் கூடுகளில் குழிமூக்கு அடைத்தேன். நெவிலின் கூட்டில் லிண்டனின் பெட்டியிலிருந்து ஐந்து கெட்டிமூக்கு அடைத்தேன்.

ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள். நான் நிறுத்திச் சொல்கிறேன், உங்கள் பேனா நின்றுவிட்டது.

ஏன் நெவில் என்றால், அவர்தான் நன்றாகச் சுடுகிறவர். தாறுமாறாகச் சுடுகிறவன் கையில் அதைக் கொடுப்பது ஆபத்து. அதோடு அவர் கண்ணாடி எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். தூரத்தில் இருப்பது தெரியும், கையில் இருப்பது தெரியாது.

அவருக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது. பிக்கப் தட்டில் ஏறுவதற்குத் திணறிக்கொண்டிருந்தார். நான் போய், ஏற வேண்டாம், இன்றைக்கு ஒரு நாள் தரையில் சாக்கை விரித்துப் படுத்துச் சுடுங்கள் என்றேன்.

"படுத்துச் சுடக் கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

"நாளைக்கு எல்லா விதியையும் எடுக்கத்தான போறீங்க, நெவில். இன்னைக்கே ஒண்ணு எடுத்தா என்ன?"

அவர் வெட்கப்பட்டுவிட்டார். "நான் உன் பக்கந்தான் எனிட், சத்தியமா" என்றார். அந்த இரண்டாவது கை யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாக்கை நானே உதறி விரித்துக் கொடுத்தேன். படுத்தால் அவருக்கு நேர் எதிரே கல்மேடு.

லிண்டன் அன்றைக்குச் சுடவில்லை. புதன்கிழமை என் வீட்டுக் கூரையில் மழைநீர் ஓடுகிற தகரக் குழாயை மாற்றிக் கொடுத்தபோது மணிக்கட்டு பிசகிவிட்டது. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறார், அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுட முடியாவிட்டாலும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். எங்கே உட்காருவது என்று என்னிடம் வந்து கேட்டார். பாருங்கள், இரண்டு மாதம் என் விதிகளைக் கிண்டல் பண்ணிய மனிதர், இடத்தை என்னிடம்தான் வந்து கேட்கிறார். அப்படிப் பழகியிருந்தோம்.

மேட்டுக்கு இடப்பக்கத்துக் கல்வேலியைக் காட்டினேன். அங்கே உட்கார்ந்தால் எல்லாம் நன்றாகக் கேட்கும் என்றேன்.

"கேக்கவா, பாக்கவா?"

"ரெண்டுந்தான்."

"உன் மனசு இளகிப்போச்சு, கம்பவுண்டரம்மா. வேலிப்பக்கம் ஒரு கோழியக்கூட விடமாட்ட நீ."

பாஸ்டியைக் கையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். எனக்கு அங்கிருந்து கையாட்டினார்.

நான் கணக்குப் போடாமல் எதையும் செய்வதில்லை. மேட்டின் அந்த முகத்திலுள்ள கல் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று நான்கு தடவை போய்ப் பார்த்திருந்தேன். நெவில் படுத்த இடத்திலிருந்து குண்டு போய்ப் பட்டால் இடதுபக்கம்தான் விலகும். வேலிக்கு மேலே மூன்று ஆள் உயரத்தில் போகும். லிண்டன் தலைக்கு மேலே அந்தச் சத்தம் போகும். அவர் முகம் போகிற போக்கை எல்லோரும் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் வாக்கெடுப்பு.

நெவில் ஒரு தடவைதான் சுட்டார். முயல் துள்ளி வளைக்குள் போய்விட்டது. சத்தம் வந்தது. நீளமான சத்தம், கம்பியைச் சுண்டிவிட்ட மாதிரி. லிண்டன் அது வந்த பக்கம் தலையைத் திருப்பினார். கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். குண்டு நான் நினைத்ததைவிடத் தாழ்வாக வந்திருந்தது. வேலியிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார். பார்த்தவர்களில் இரண்டு பேர் வழக்கம்போல அவர் நடிக்கிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அடுத்து என்ன நடந்தது என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் துப்பாக்கிகளை எல்லாம் கீழே வைக்கச் சொன்னேன். ஆம்புலன்சுக்குச் சொன்னேன். நெவில் சாக்கின் மேலேயே மண்டியிட்டிருந்தார். அவர் ரைஃபிளிலிருந்து கூட்டைக் கழற்றி எடுத்தேன், அது என் வேலை. அதில் நான்கு இருந்தன. மேட்டின் தெற்குப் பக்கம் மூன்றாவது வளையில் போட்டேன். கை விட்டுப் பாருங்கள், கிடைக்கும். கூட்டில் குழிமூக்கு நான்கை அடைத்து உங்கள் ஆட்கள் வந்ததும் கொடுத்தேன்.

இப்போது நெவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின வாரம் அவர் இலக்குப் போட்டிக்குப் போயிருந்தார். அங்கே கெட்டிமூக்குதான் பயன்படுத்துவார்கள். அதில் ஒன்று ரைஃபிளுக்குள்ளேயே தங்கிவிட்டிருக்கும், அதைத்தான் சுட்டுவிட்டேன் என்று அவராகவே ஒரு கதை கட்டிக்கொண்டார். இறுதிச் சடங்கு முடிந்து மூன்றாம் நாள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நீ விரல விட்டுப் பாத்தல்ல எனிட்? அன்னைக்கு என்னோடது காலியா இருந்துச்சா?"

நான் அடுப்பில் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒம்போது துப்பாக்கி பாத்தேன், நெவில். உன்னோடது சரியா ஞாபகம் வரல."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு வாக்கியம். அவர் தலையாட்டிவிட்டு, டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய், தன் கவனக்குறைவால்தான் லிண்டன் செத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ரைஃபிளையும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், கொட்டகையில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்றும் அவர் மனைவி நோலீன் சொன்னாள். நான் வாரம் இரண்டு தடவை சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூசணிக்காய் சூப், அவருக்கு அதுதான் பிடிக்கும். இரண்டு ஸ்பூன் உள்ளே போகிற வரைக்கும் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் வருவேன்.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. நெவில் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் என்ன விளங்கியிருக்கும்? எனிட் ஒரு தப்புப் பண்ணிவிட்டாள் என்பதுதான் விளங்கியிருக்கும். நெவில் சொன்னதால் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது: ஒரே ஒரு கெட்டிமூக்கு உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று. தள்ளிப்போட்ட வாக்கெடுப்பு பதினோராம் நாள் நடந்தது. நான் முட்டை சாண்ட்விச் செய்து கொண்டுபோயிருந்தேன். என் ஏற்பாடு தொடர வேண்டும் என்று இருந்த அத்தனை கையும் தூக்கின. முதலில் தூக்கியவர் லிண்டனின் மனைவி ஜாய்ஸ். கூட்டம் முடிந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ சொன்னத அவன் கேட்டிருக்கணும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

அப்படியே விட்டிருந்தால் நான் உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்.

போன திங்கட்கிழமை அறிக்கையின் பிரதி குழுச் செயலாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. லிண்டன் உடம்பில் எடுத்த ஈயம் கல்லில் பட்டுத் தட்டையாகிவிட்டதால் எந்த ஜாதி என்று சொல்ல முடியவில்லையாம். ரைஃபிளுக்குள் பழைய தோட்டா இருந்தது என்பது துக்கத்தில் இருக்கிற மனிதரின் கற்பனையாக இருக்கலாமாம். கூட்டில் ஐந்தில் ஒன்றுதான் குறைகிறது, மிச்சம் இருந்த நான்கும் குழிமூக்கு, ஆகவே சுட்டதும் குழிமூக்குதானாம். நெவில் மேல் குற்றமில்லை. படித்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷம், மிஸ் வோஸ். நல்ல மனிதர், இந்தத் துக்கத்திலிருந்து வெளியே வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன்.

நான்காம் பக்கம். நீங்களே படியுங்கள், அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். 'சுண்ணாம்புக் கல் நிறைந்த நிலத்தில் இந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்ததே மரணத்துக்குக் காரணம். குழு பின்பற்றிவரும் முறை பாதுகாப்பானது அல்ல.'

ஷூவில் ஒரு தூசி இல்லாமல் வந்துவிட்டு, அப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை நோலீன் வந்தாள். கணவர் அன்று காலையில்தான் மூன்று மாதத்துக்குப் பிறகு முழுசாக ஒரு முட்டை சாப்பிட்டாராம். சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள். பிறகு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"தப்பா எடுத்துக்காத எனிட். எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அந்த அலமாரிச் சாவிய... கொஞ்ச நாளைக்கு நான் வச்சிக்கறேன். உனக்கும் வயசாயிருச்சு. யாரும் உன்னக் குத்தம் சொல்லல."

"என்ன குத்தம்?"

"தோட்டா விஷயத்துல. யாருக்கும் தப்பு வரும்ல."

டீ கொடுத்தேன், சாவியைக் கொடுக்கவில்லை. அவள் போன பிறகு உங்கள் நம்பரைத் தேடி எடுத்தேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாழக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விசாரணை முடிந்து நெவில் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், நானும் இந்தச் சமையலறையில் இருந்துகொண்டே வயதாகிச் சாவேன். ஆனால் அந்தத் தாள் அரசாங்கக் கோப்பில் இருக்கும். நாளைக்கு எவனோ ஒருவன் அதை எடுத்துப் படித்துவிட்டு, குழிமூக்கு கல்லில் திரும்பும் என்று நினைத்துக்கொள்வான். அது உண்மை இல்லை. நான் கொடுத்த குழிமூக்கு முப்பத்தொரு வருடத்தில் ஒருதடவைகூட யாரையும் தொட்டதில்லை. அன்றைக்குத் திரும்பியது கெட்டிமூக்கு. நான் தெரிந்தே அடைத்தது. தாழப் படுக்க வைத்ததும் நான். லிண்டனை அந்த வேலியில் உட்கார வைத்ததும் நான். மூன்றையும் வேண்டுமென்றே செய்தால்தான் ஒருவரைக் கொல்ல முடிந்தது என்றால், என்னுடைய முறை எவ்வளவு பத்திரமானது என்று பாருங்கள்.

அவரைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. கேட்க வைக்க நினைத்தேன். அங்கே உட்கார வைக்கும்போது தாழ வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். வேறு யாரைவிடவும் தெரியும். மனசுக்குள் ஒரு மூலையில், அப்படி வந்தாலும் விஷயம் இன்னும் தெளிவாகவே புரியும் என்று இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், குறைத்துச் சொன்னதாக இருக்க வேண்டாம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒவ்வொரு பக்கத்திலுமா? என் பெயரில் 'பாஸ்கோ' என்பதைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை, நான் திருத்திவிடுகிறேன்.

ஒரு சின்ன உதவி கேட்கலாமா? ஜூன் முதல் சனிக்கிழமை பார்லிக் கிடங்கில் புறா சுடுகிறார்கள். சுற்றிலும் தகரம், கீழே சிமெண்டுத் தரை. நான் இல்லையென்றால் நோலீன்தான் எடுத்துக் கொடுப்பாள். அவள் தங்கமானவள், ஆனால் எது என்ன என்று பார்க்காமல் கைக்கு வந்ததை நீட்டிவிடுவாள். அந்த ஒரு நாள் மட்டும் என்னை வெளியே விடச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். உங்கள் ஆள் ஒருவர் வேண்டுமானாலும் என் பக்கத்திலேயே நிற்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இதிலெல்லாம் அக்கறை இல்லாதவர்கள் கையில் விட்டால், மிஸ் வோஸ், யாருக்காவது அடிபட்டுவிடும்.